ஆறு மாத வாடி: காசு போடுமுன் காகிதத்தைப் பாருங்கள்

முல்லைத்தீவுக் கரையில் சித்திரையில் திறந்து புரட்டாதியில் மூடும் ஒரு வியாபாரம் இருக்கிறது. காட்டுத்தடி, கிடுகு, தகரம் கொண்டு மணலில் எழும்பும் வாடிகளைத்தான் சொல்கிறேன். கடற்றொழிலாளி தங்குவதும், வலை வைப்பதும், மீன் காயப்போடுவதும் அங்கேதான். வாடிகள் வந்தால் பின்னாலேயே தேநீர்க்கடை வரும், பலசரக்குக் கொட்டில் வரும், ஐஸ் பெட்டி வரும், இயந்திரம் திருத்துபவரும் வருவார். இந்த இரண்டாம் வரிசையில் நம்மவர்களும் இருக்கிறோம். வவுனியாவிலிருந்து கொக்கிளாய், நாயாறு பக்கம் நான் சாமான் கொடுக்கத் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது.

பங்குனி மாதம் வந்தால் யாராவது ஒரு தம்பி கேட்பார்: "நானா, கரையில் ஒரு இடம் வருகிறது. மூன்று இலட்சம் கேட்கிறார்கள். எடுக்கலாமா?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அந்த மூன்று இலட்சம் எதற்கு?" பலருக்கு இதற்குப் பதில் தெரியாது.

பருவம் ஏன் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சோழகக் காற்று தொடங்கியதும் மேற்குக் கடல் குழம்பும், கிழக்குக் கடல் அடங்கும். அப்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர்கள் படகோடு இங்கே வருவார்கள். வாடைக் காற்று தொடங்கினால் நிலைமை மாறிவிடும். அவர்கள் தங்கள் கரைக்குத் திரும்பிவிடுவார்கள். ஆகவே இந்த வியாபாரத்தின் ஆயுள் ஆறு மாதம். அடுத்த வருடம் அதே ஆட்கள் அதே இடத்துக்கு வருவார்கள் என்பது நம்பிக்கை மட்டுமே.

இனி அந்த மூன்று இலட்சத்துக்கு வருவோம். அதில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று தொழில் அனுமதி. இது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் கடற்றொழில் திணைக்களம் கொடுப்பது. படகுக்கும் வலைக்கும் கொடுக்கும் அனுமதி கடை போடும் உரிமை ஆகாது. இரண்டாவது நிலம். கரையோரம் பெரும்பாலும் அரச காணி. இந்தப் பக்கத்துக்குப் பொறுப்பு கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகம். அதற்கு மேல், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி கடலிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கட்டடம் எழுப்ப வேறு அனுமதி வேண்டும். கொக்கிளாய்க் களப்போ 1951 முதல் பறவைகள் சரணாலயம். மூன்றாவது, முன்பு இருந்தவரின் "வாடிக்கை". இதை எந்தக் கந்தோரும் எழுதிக் கொடுக்காது. தரகர் விற்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான்.

நம்மவர்களிடம் இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. "பத்து வருடம் இருந்தால் இடம் நமக்குத்தான்" என்பது முதலாவது. நீண்டகால ஆட்சி பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அரசுக்கு எதிராகச் செல்லாது. தனியார் காணியிலும், அனுமதி பெற்றோ வாடகை கொடுத்தோ இருந்தவர் வருடக்கணக்கைக் காட்டி உரிமை கோர முடியாது. "வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை ஒட்டினால் போதும்" என்பது இரண்டாவது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். ஆறு மாதக் குத்தகையை வெள்ளைத்தாளில் எழுதி வைத்திருப்பவர், கொடுத்த காசுக்கு அதைச் சாட்சியாகக் காட்டலாம். குத்தகை உரிமைக்கு அது நிற்காது.

எனக்குத் தெரிந்த ஒரு தரகர் ஒரே இடத்துக்கு இரண்டு பேரிடம் முற்பணம் வாங்கினார். இருவரும் ஒரே கிழமையில் தகரம் ஏற்றிய லொறியோடு வந்து நின்றார்கள். ஒருவரிடமும் பற்றுச்சீட்டு இல்லை.

வெளிநாட்டில் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இங்கிலாந்தில் வண்டியோடு இழுத்துச் செல்லும் காரவன் வீடுகளை ஒரு பருவம் முழுக்க ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும் வழக்கம் உண்டு. பெரும்பாலும் பங்குனியிலிருந்து ஐப்பசி வரை. காரவன் வாடிக்கையாளருடையது, தரை முகாம்காரருடையது. கட்டணம் தரைக்கு, மின்சாரத்துக்குப் பல இடங்களில் தனிக் கணக்கு. அதை நிரந்தர வீடாக்க முடியாது. அடுத்த பருவத்துக்கு அதே இடம் கிடைக்குமா, கட்டணம் எவ்வளவு கூடும், பருவம் முடிய வண்டியை எங்கே வைப்பது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். அங்கே பொருளுக்குச் சில்லு இருக்கிறது. இடம் போனாலும் பொருள் போகாது. நமது வாடிக்கும் இதுதான் பாடம்: கழற்றி ஏற்றக்கூடியதற்கு மட்டும் காசு போடுங்கள். சீமெந்து நிலம், கல் சுவர் வேண்டாம்.

இந்தக் கரையின் வரலாறும் இதையே சொல்கிறது. 1984 டிசம்பரில் கொக்கிளாய், நாயாறு பக்கம் உயிர்கள் போயின, ஊர்கள் காலியாயின. 1990 ஒக்டோபரில் நம் சமூகம் வட மாகாணம் முழுவதிலிருந்தும் வெளியேற்றப்பட்டது. 2018 ஓகஸ்டில் நாயாற்றில் தமிழ்த் தொழிலாளர்களின் வாடிகளும் படகுகளும் வலைகளும் எரிந்தன. வெளியிலிருந்து வருபவர்களுக்கும் உள்ளூர்த் தொழிலாளர்களுக்கும் இடையிலான பிணக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. வியாபாரி இதில் ஒரு பக்கத்து ஆளாகத் தெரியக்கூடாது. இடம் எடுக்குமுன் உள்ளூர் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தையும் கிராம உத்தியோகத்தரையும் நேரில் கண்டு பேசுங்கள். ஊர்ச் சம்மதம் இல்லாத இடம் இலவசமாகக் கிடைத்தாலும் நட்டம்தான்.

என் கணக்கைச் சொல்கிறேன். கொட்டில், போக்குவரத்து, அனுமதிக் கட்டணம் எல்லாவற்றையும் ஒரே பருவத்தின் செலவாக எழுதுவேன். உதாரணமாக மொத்தம் 1,80,000 ரூபாய் என்றால் மாதத்துக்கு 30,000. அந்தத் தொகையை இலாபத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒதுக்க முடியாவிட்டால் அந்த இடம் எனக்கு வேண்டாம். அடுத்த வருடத்தில் பங்குபோட்டுக் காட்டுவது நம்மை நாமே ஏமாற்றுவது. கடன் கொப்பியை ஆவணி நடுப்பகுதியிலேயே சுருக்கத் தொடங்குவேன். முதல் மழை விழுந்ததும் படகு லொறியில் ஏறிவிடும். பிறகு நீர்கொழும்பில் தேடிப் பிடிக்க வேண்டும். சாமான் பட்டியலின் பிரதி ஒன்று வாடியில், ஒன்று வீட்டில். ஏதும் நடந்தால் பொலிசில் முறையிடவும் நட்டஈடு கேட்கவும் அதுதான் ஆதாரம்.

தம்பிமாரே, பருவ வியாபாரம் கெட்ட வியாபாரம் அல்ல. ஆறு மாதத்தில் ஒரு வருடத்துச் சாப்பாட்டைத் தேடிக் கொடுத்த கரை அது. ஆனால் நாம் வாங்குவது காலத்தை, காணியை அல்ல. பற்றுச்சீட்டில் யாருடைய பெயர், எந்தக் கந்தோர் முத்திரை, எந்தத் திகதி வரை என்ற மூன்றும் இல்லையென்றால் முற்பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.