பைப்புக்குள்ளே ஒரு ரங்கநாதன் தெரு!

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல கண்ணை மூடிக்கிட்டு 2 மார்க் வாங்கித் தர்ற கேள்வி ஒண்ணு உண்டு. 'லேமினார் ஃப்ளோ, டர்புலன்ட் ஃப்ளோ... வேறுபடுத்துக!' பைப்ல ரெனால்ட்ஸ் நம்பர் 2000-க்குக் கீழேன்னா லேமினார், 4000-க்கு மேலேன்னா டர்புலன்ட், நடுவுல டிரான்சிஷன். எழுதினோமா, அடுத்த கேள்விக்குத் தாவினோமான்னு போயிட்டே இருப்போம்.

ஆனா மக்களே, இந்தக் கேள்வி 140 வருஷமா பெரிய பெரிய தலைகளுக்கே தண்ணி காட்டிக்கிட்டு இருக்கு. அந்தத் தலைகள்ல ஒருத்தர் நம்ம மயிலாப்பூர்க்காரர்!

பார்க்கா... தெருவா?

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பார்க்குக்குக் காலையில போய்ப் பாருங்க. ஓரமா தாத்தாக்கள் மெதுவா நடப்பாங்க. நடுவுல நம்ம வயசுப் பசங்க வேகமாப் போவாங்க. ஆளாளுக்கு ஒரு வேகம், ஆனா யாரும் யார் மேலயும் இடிக்கிறதில்லை. இதுதான் லேமினார். திரவம் அடுக்கு அடுக்கா நழுவிப் போகும். பைப் சுவரை ஒட்டின அடுக்கு அசையாம நிற்கும், நடு அடுக்கு வேகமா ஓடும். ப்ளஸ் ஒன் புத்தகத்துல 'வரிச்சீர் ஓட்டம்'னு படிச்சது ஞாபகம் இருக்கா?

அப்படியே தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கு வாங்க. கூட்டம் மொத்தமா முன்னாடிதான் போகுது. ஆனா அதுக்குள்ள இருக்கிற நீங்க? இடது பக்கம் ஒரு தள்ளு, வலது பக்கம் ஒரு இடி, ஒரு சுத்து சுத்தி, செருப்பைத் தேடி, திரும்ப முன்னாடி. அதுதான் டர்புலன்ட்... சுழற்சி ஓட்டம்!

இந்த ரெண்டையும் முதல்ல பளிச்னு பிரிச்சுக் காட்டினவர் மான்செஸ்டர்ல பேராசிரியரா இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். 1883-ல் கண்ணாடிக் குழாயில தண்ணி ஓடவிட்டு, நடுவுல மெல்லிசா ஒரு இழை சாயம் விட்டார். மெதுவா ஓடினப்போ சாயம் நூல் பிடிச்ச மாதிரி நேராப் போச்சு. வேகத்தைக் கூட்டினதும் ஒரு கட்டத்துல இழை அறுந்து, குழாய் முழுக்கக் கலங்கிப் போச்சு.

உள்ளே நடக்கிறது ஒரு கயிறு இழுக்கும் போட்டி. ஓட்டத்துல ஒரு சின்னக் கலக்கம் வந்தா, 'அடங்கு'ன்னு அமுக்கப் பார்க்கும் திரவத்தோட பாகுநிலை. 'ஆடு'ன்னு ஊதிவிடப் பார்க்கும் அதோட வேகம். வேகத்தையும் பைப் விட்டத்தையும் பெருக்கி, அடர்த்தியால வகுத்த பாகுநிலையால வகுத்தா வர்றதுதான் ரெனால்ட்ஸ் நம்பர். யார் கை ஓங்குதுன்னு சொல்ற ஸ்கோர்!

பக்கெட் டெஸ்ட்!

உங்க வீட்டு அரை இன்ச் பைப்புக்குள்ள என்ன நடக்குதுன்னு கண்டுபிடிக்க லேப் எல்லாம் வேணாம். 15 லிட்டர் பக்கெட்டும் வாட்ச்சும் போதும். நம்ம ஊர் 30 டிகிரி தண்ணிக்குக் கணக்குப் போட்டா, ரெனால்ட்ஸ் நம்பர் 2000-க்குள்ள இருக்கணும்னா பக்கெட் ரொம்ப 13 நிமிஷத்துக்கு மேல ஆகணும்! நம்ம பக்கெட் ரெண்டு நிமிஷத்துல ரொம்பிடும். அப்போ நம்பர் 13,000-ஐத் தொடும். ஆக, பைப்புக்குள்ள ரங்கநாதன் தெருதான்.

அடையாறு திரு.வி.க. பாலத்துல நின்னு ஆத்தைப் பார்த்தா, பல நாள் 'சாது'வா தெரியும். ஏமாந்துடாதீங்க. ஒரு மீட்டர் ஆழம், நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகம்னு வைச்சுக்கிட்டாலே கணக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிடும். கண்ணுக்கு அமைதி, உள்ளுக்குள்ள சுழல்! விளக்குக்கு ஊத்துற நல்லெண்ணெய் மட்டும்தான் சமர்த்தா லேமினார்ல இறங்கும். தண்ணியைவிடப் பல பத்து மடங்கு பாகுநிலை ஆச்சே!

இதுக்கு நாம கொடுக்கிற விலையும் உண்டு. லேமினார் ஓட்டத்துல தண்ணியோட அளவை ரெண்டு மடங்காக்கினா, அழுத்த இழப்பும் ரெண்டு மடங்குதான். டர்புலன்ட்ல கிட்டத்தட்ட நாலு மடங்கு! மொட்டை மாடி டேங்க்குக்குத் தண்ணி ஏத்துற மோட்டார், கரன்ட் பில்லுல இந்தக் கொந்தளிப்புக்கும் சேர்த்துத்தான் மீட்டர் ஓட்டுது.

அதுக்காக டர்புலன்ஸை வில்லனாக்கிடாதீங்க. டிகிரி காபியை டபராவுக்கும் டம்ளருக்கும் ஆத்துறோமே, அந்தச் சுழல் இல்லாட்டி சர்க்கரை அடியிலேருந்து மேல வர மணிக்கணக்குல தவம் இருக்கணும்.

மெரினாவில் ரெண்டு பேர்

சரி, மர்மம் எங்கே? லேமினார் ஏன், எப்போ உடையுதுங்கிறதுலதான்!

1923. ஜெர்மனியில முனிச் பல்கலைக்கழகம். 21 வயசுப் பையன் ஒருத்தனுக்கு அவனோட வாத்தியார் சோமர்ஃபெல்ட் பிஎச்.டி-க்குக் கொடுத்த தலைப்பு இதேதான். சீரான ஓட்டம் எப்போ நிலை குலையும்? கணக்குல பையன் புலி. ஆனா வாய்மொழித் தேர்வுல பரிசோதனை இயற்பியல் கேள்விகளுக்குத் திணறி, தட்டுத்தடுமாறித்தான் பாஸானான். வைவான்னாலே வயித்தைக் கலக்குற ஆளுங்க மனசைத் தேத்திக்குங்க. அந்தப் பையன் பேர் வெர்னர் ஹைசன்பர்க்!

நாலே வருஷத்துல, 1927-ல், அன்செர்ட்டன்ட்டி பிரின்சிபிள் சொல்லி உலகப் புகழ். 1929 அக்டோபர்ல சென்னைக்கு வந்து பிரசிடென்சி காலேஜ்ல பேசினார். அவருக்கு ஊரைச் சுத்திக் காட்டுற வேலை ஒரு ஸ்டூடன்ட்டுக்கு வந்தது. மயிலாப்பூர் 'சந்திர விலாஸ்' வீட்டுப் பையன். மெரினா பக்கம் கார்ல கூட்டிட்டுப் போய், தன்னோட ஆராய்ச்சியைப் பத்தி அவர்கிட்டப் பேசித் தீர்த்தான். அந்த ஸ்டூடன்ட், எஸ்.சந்திரசேகர்!

நட்சத்திரங்களை ஆராய்ஞ்சு 1983-ல் நோபல் வாங்கின அதே சந்திரசேகர்தான். பலருக்குத் தெரியாத விஷயம், நடுவுல அவர் டர்புலன்ஸ் பக்கமும் வந்தார். ஹைசன்பர்க் 1948-ல் டர்புலன்ஸுக்கு ஒரு புதுக் கோட்பாடு வெளியிட, அதையே எடுத்து அலசி 1949-ல் கட்டுரை எழுதினார் சந்திரசேகர். சீரான ஓட்டங்கள் எப்போ குலையும்ங்கிறதைப் பத்தி 1961-ல் அவர் போட்ட தலகாணி சைஸ் புத்தகத்தை இன்னிக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் புரட்டுறாங்க.

ஒரு தள்ளு போதும்!

இப்போ ட்விஸ்ட். உருண்டை பைப்புக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தா, ரொம்ப ரொம்பச் சின்னக் கலக்கம் எந்த வேகத்திலயும் தானா அடங்கிடுது! அப்படின்னா லேமினார் உடையவே கூடாதே? ஆனா நம்ம வீட்டு பைப்ல தினம் உடையுதே!

விடை, தள்ளுற தள்ளுல இருக்கு. ரங்கநாதன் தெருவுல ஒழுங்காப் போற கூட்டத்துல, ஒருத்தர் ஹேர் கிளிப் கடையைப் பார்த்துட்டு சடார்னு நின்னா போதும், பின்னாடி மொத்தமும் காலி. பைப்லயும் அப்படித்தான். ஓரளவு பலமான தள்ளு ஒண்ணு வேணும். வேகம் ஏற ஏற, ரொம்பச் சின்னத் தள்ளே போதும். அந்தத் தள்ளே இல்லாமப் பார்த்துக்கிட்டா? ரெனால்ட்ஸே கவனமா செஞ்சு சுமார் 13,000 வரைக்கும் லேமினாரை இழுத்துட்டுப் போனார். பின்னாடி ஆய்வகங்கள்ல 1,00,000 வரைக்கும் போயிருக்காங்க. நம்ம 4000 எங்கே, அது எங்கே!

இதுல ஒரு தமாஷ். ரெனால்ட்ஸோட கருவியை மான்செஸ்டர்ல பத்திரமா வைச்சிருக்காங்க. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு அதே கருவியில செஞ்சப்போ 13,000-ஐத் தொட முடியலை. காரணம்? வெளியே ரோட்டுல போற வண்டிங்களோட அதிர்வு! அதையே உஸ்மான் ரோட்டுல வைச்சா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க.

அப்போ அந்த 2000-க்கு அர்த்தமே இல்லையா? இருக்கு. அதைச் சுத்தமாப் புரிஞ்சுக்க 2011 ஆச்சு. ஜெர்மனியில கெர்ஸ்டின் அவிலாவும் அவர் குழுவும் நீளமான பைப்புகள்ல, அங்கங்கே தனித்தனியாக் கிளம்புற கொந்தளிப்புக் கொத்துகளைக் கவனிச்சாங்க. ஹாஸ்டல் வதந்தி மாதிரிதான். ஒண்ணு, தானா அடங்கிடும். இல்லேன்னா ரெண்டாப் பிரிஞ்சு பரவும். அடங்குற வேகமும் பரவுற வேகமும் சமமாகிற இடம்... சுமார் 2040! அதுக்குக் கீழே கொந்தளிப்பு கடைசியில செத்துடும். அதுக்கு மேலே, ஒரு தடவை பத்திக்கிட்டா விடாது.

ஆக, அந்த நம்பர் 'இங்கே உடையும்'னு சொல்லலை. 'இதுக்கு மேல உடைஞ்சா ஒட்டாது'ன்னுதான் சொல்லுது. நாம ஒரே வரியில மனப்பாடம் பண்றதைக் கண்டுபிடிக்க 128 வருஷம்!

இதோட கதை முடியலை. ஓடுற திரவத்தோட அடிப்படைச் சமன்பாடு, நேவியர்-ஸ்டோக்ஸ். அதோட தீர்வுகள் எப்பவும் ஒழுங்கா இருக்குமான்னு நிரூபிச்சா 10 லட்சம் டாலர்னு 2000-ல் கிளே கணித நிறுவனம் அறிவிச்சது. பரிசு இன்னும் அப்படியே இருக்கு.

இன்னிக்கு ராத்திரி ஃபேனை நிறுத்திட்டு ஒரு ஊதுபத்தி ஏத்துங்க. புகை கொஞ்ச தூரம் கோடு போட்ட மாதிரி நேரா ஏறும். அப்புறம் சட்டுன்னு நெளிஞ்சு, சுருண்டு, கலைஞ்சுடும். அந்த 'சட்டுன்னு' எந்த இடத்துல, ஏன்னு யோசிச்சுப் பாருங்க. ஹைசன்பர்க்கும் சந்திரசேகரும் மண்டையை உடைச்சுக்கிட்டது அந்த இடத்துக்காகத்தான். 2 மார்க்குக்கு இல்லை!