வாசலில் சாய்வுதளம் இருந்தால் போதுமா?

அலுவலக வாசலில் மூன்று படிகள். ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் என்றால் மொத்த உயரம் 45 சென்டிமீட்டர். ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது மத்திய அரசின் நெறிமுறை. அந்தக் கணக்கில் இங்கே சாய்வுதளம் 5.4 மீட்டர் நீள வேண்டும். பல இடங்களில் நடப்பது வேறு. படிக்குப் பக்கத்தில் மீந்திருக்கும் இரண்டு மீட்டரில் சிமென்டைச் சரித்து, மேலே வழவழப்பான டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். கைப்பிடியும் இருக்காது. சக்கர நாற்காலியில் வருபவர் அதில் தானாக ஏற முடியாது. இறங்குவது இன்னும் ஆபத்து. இடம் போதாவிட்டால் நடுவில் 1.5 மீட்டர் சமதளம் விட்டு, சாய்வை மடக்கிக் கட்டலாம். கொத்தனாருக்கு இது தெரியாத வேலை அல்ல. அளவைச் சொல்லத்தான் ஆளில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தனியார் பணியிடங்களையும் பொதுக் கட்டடங்களாகவே கொள்கிறது. ஏற்கெனவே கட்டப்பட்டவற்றை ஐந்து ஆண்டுகளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்றது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. கெடு 2022இல் முடிந்துவிட்டது. ராஜீவ் ரதூரி என்பவர் தொடுத்த வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே சென்றது. அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த விதி, சட்டத்துக்கே முரணானது என்று அதைச் செல்லாததாக்கியது. குறைந்தபட்சத் தரங்களைக் கட்டாயமாக்கச் சொன்னது. பழைய கட்டடம் என்ற சமாதானம் இனி எடுபடாது.

எங்கிருந்து தொடங்குவது? பேருந்து நிறுத்தத்திலிருந்து ஊழியரின் மேசை வரை, அங்கிருந்து கழிப்பறை, உணவுக்கூடம், கூட்ட அறை வரை ஒருவர் போகும் வழியை அப்படியே நடந்து பார்க்க வேண்டும். கையில் அளவு நாடாவும் ரசமட்டமும் போதும். கூடவே சக்கர நாற்காலி பயன்படுத்துபவர், பார்வையற்றவர், காது கேளாதவர் கட்டாயம் வர வேண்டும். அவர்கள் நேரத்துக்கு ஊதியமும் தர வேண்டும். அவர்கள் இல்லாத ஆய்வை நான் ஆய்வென்றே ஏற்கமாட்டேன். வழியில் ஓரிடம் தடைபட்டாலும் மற்றவை வீண். லிஃப்ட் அருமையாக இருக்கும். அதை அடைய இரண்டு படி ஏற வேண்டியிருக்கும்.

மிக அதிகமாகப் பிழை நடப்பது கழிப்பறையில்தான். வெளியே சக்கர நாற்காலிப் படம், உள்ளே துடைப்பமும் பினாயிலும். கதவின் திறப்பு 90 சென்டிமீட்டர் இருக்கிறதா, கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா, உள்ளே நாற்காலியை முழுதாகத் திருப்ப 1.5 மீட்டர் வட்டம் கிடைக்கிறதா, கைப்பிடி ஓர் ஆளின் முழு எடையையும் தாங்குமா என்று பார்க்க வேண்டும். கழிப்பறைக்குப் போக முடியாது என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த ஊழியருக்கும் இந்த நிலை வரக்கூடாது.

எல்லாவற்றுக்கும் இடித்துக் கட்ட வேண்டியதில்லை. நடைபாதையில் கிடக்கும் அட்டைப்பெட்டிகளையும் பூந்தொட்டிகளையும் இன்றே அகற்றலாம். கண்ணாடிக் கதவில் பளிச்சென்ற பட்டை ஒட்டலாம், படி விளிம்புகளுக்கு வேறு நிறம் அடிக்கலாம், லிஃப்ட் பொத்தான்களில் பிரெய்ல் பதிக்கலாம், தளத்தின் எண்ணைச் சொல்லும் குரலை இயக்கிவிடலாம். சாய்வுதளம், கழிப்பறை போன்ற பெரிய வேலைகளுக்குத் தொகையும் தேதியும் குறித்து, பொறுப்பாளர் பெயரையும் எழுதிவைக்க வேண்டும்.

பெரும்பாலும் மறந்துபோவது தீ விபத்து. மணி அடித்தால் காது கேளாதவருக்குத் தெரியாது. அதனால் எல்லா இடங்களிலும், கழிப்பறையிலும்கூட, எச்சரிக்கையாக மின்னும் விளக்கு வேண்டும். தீப்பிடித்தால் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. மூன்றாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருப்பவர் எங்கே பத்திரமாகக் காத்திருப்பார், யார் எந்தச் சாதனத்தால் அவரை இறக்குவார்கள் என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும். ஒத்திகை நாளில் "நீங்க சிரமப்பட வேண்டாம், உட்காருங்க" என்று அவரை விட்டுவிடாமல், அவரையும் இறக்கிப் பார்க்க வேண்டும்.