லைட்டர் கல்லும் விண்மீன் அடுப்பும்

லைட்டரின் சக்கரத்தை உருட்டினால் பொறி பறக்கிறதே, அந்தக் கல்லில் சீரியம் என்ற உலோகம் கலந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி, மூப்படைந்த சிவப்பு விண்மீன்களுக்குள் நியூட்ரான் நியூட்ரானாகச் சேர்ந்து உருவானது.

அணுக்கருக்கள் பிணைவதால் ஆற்றல் கிடைப்பது இரும்பின் பக்கம் வரைதான். அதைத் தாண்டிய தனிமங்களில் ஏறக்குறையப் பாதி வேறு வழியில் வருகின்றன. அணுக்கரு ஒரு நியூட்ரானை விழுங்குகிறது. நிலைகுலைந்தால் உள்ளிருக்கும் நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறுகிறது. அடுத்த தனிமம் பிறக்கிறது. இதற்குச் சான்றாக, 1952இல் வானியலாளர் பால் மெரில் சில விண்மீன்களின் ஒளியில் டெக்னீசியத்தைக் கண்டார். நிலைத்து நிற்காத தனிமம் அது. பழைய இருப்பாக இருக்க முடியாது. அங்கேயே உருவாகியிருக்க வேண்டும்.

நியூட்ரானை எளிதில் விழுங்கும் அணுக்கரு விரைவில் வேறொன்றாகிவிடும். விழுங்கத் தயங்குவது தேங்கி நிற்கும். சீரியம்-140 தயங்கும் வகை; 82 நியூட்ரான்களால் அதன் அடுக்கு நிறைந்துவிட்டது. எவ்வளவு தயக்கம் என்று அளந்தால்தான் விண்மீனின் கணக்கு நேராகும்.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 2001 முதல் இயங்கும் ‘என்-டாஃப்’ நிலையம் இந்தத் தயக்கத்தைத்தான் அளக்கிறது. புரோட்டான்கள் ஈயக் கட்டியில் மோத, ஒவ்வொரு புரோட்டானுக்கும் சுமார் 300 நியூட்ரான்கள் சிதறுகின்றன. அவை 185 மீட்டர் ஓடி மாதிரியை அடைகின்றன. எல்லாம் ஒரே கணத்தில் புறப்படுவதால், வந்துசேரும் நேரமே ஆற்றலைச் சொல்லிவிடும். விண்மீன் வெப்பத்துக்கு ஒத்த 30 கிலோ எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரானுக்கு 77 மைக்ரோநொடி போதும். ஒரு எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரானுக்கு 13 மில்லிநொடி ஆகும்.

நியூட்ரானை விழுங்கியதும் அணுக்கரு காமா கதிரை உமிழும். அதை எண்ணினால் போதுமா? விழுங்கப்படாமல் தெறித்த நியூட்ரான்கள் கருவியிலேயே சிக்கிப் பொய்க் காமாவை எழுப்பும். விழுங்குவது அரிதான சீரியத்தில் இந்தத் தொல்லை அதிகம். அதனால் உணர்கருவியில் உள்ள பென்சீன் திரவத்தில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தைச் சேர்க்கிறார்கள். அது நியூட்ரானை அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

2024இல் வெளியான என்-டாஃப் முடிவின்படி, சீரியம்-140 நியூட்ரானை விழுங்கும் வாய்ப்பு முன்பு கருதியதைவிட 40 விழுக்காடு வரை அதிகம். விழுங்குவது கூடினால் தேங்குவது குறையும். லைட்டர் கல்லின் விண்மீன் அடுப்புக்கு நாம் எழுதிவைத்த கணக்கை இப்போது திருத்த வேண்டியிருக்கிறது.