கோப்பு உலாவி ஏன் அடிக்கடி முடங்குகிறது?

விண்டோஸ் கணினியில் கோப்புறைகளைத் திறந்து காட்டும் ‘ஃபைல் எக்ஸ்புளோரர்’ முடங்கும்போது, திரையின் அடியிலுள்ள பணிப்பட்டையும் சில நேரங்களில் ஒரு கணம் மறைந்து மீள்வதற்குக் காரணம், அவ்விரண்டையும் ஒரே நிரல் இயக்குவதுதான். மவுஸின் வலப்பொத்தானை அழுத்தினால் தோன்றும் பட்டியலில் தம் கட்டளைகளைச் சேர்ப்பதற்காகப் பிற மென்பொருள்கள் ‘ஷெல் எக்ஸ்டென்ஷன்’ எனப்படும் துணைநிரல்களை நிறுவுகின்றன. இவற்றுட் பல அந்நிரலின் நினைவகப் பரப்புக்குள்ளேயே இயங்குவதால், ஒன்றில் நேரும் பிழை முழு நிரலையும் வீழ்த்திவிடுகிறது.

துணைநிரல்கள் மட்டுமே காரணமல்ல. எடுத்துக்காட்டாக, ஜொகூர் பாருவின் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலில் எடுத்த காணொளிகள் நிறைந்த கோப்புறையைத் திறந்தவுடன் முடக்கம் நேருமாயின், பழுதான ஒரு காணொளியோ, அதன் சுருக்கத்தை விரித்துப் படிக்கும் ‘கோடெக்’ நிரலோ காரணமாகலாம். சிறுபடங்களுக்குப் பதிலாக ஐகான்களை மட்டும் காட்டுமாறு அமைத்துவிட்டு மீண்டும் திறக்கும்போது முடக்கம் நேராவிட்டால், காரணம் அதுவே என்பது தெளிவாகும். வலப்பொத்தானை அழுத்தும்போது மட்டும் முடங்கினால், ஐயம் துணைநிரல்கள் மீதே விழ வேண்டும்.

பலரும் உடனே விண்டோஸையே மீண்டும் நிறுவ முனைகின்றனர். அது பெரும்பாலும் வீண்வேலை. கணினியின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து காட்டும் ‘ஈவென்ட் வியூவர்’ வழியே, முடக்கத்தின்போது தவறிய கோப்பின் பெயரை அறியலாம். அது விண்டோஸின் சொந்தக் கோப்பாயிருப்பின் அதையே குற்றவாளியாகக் கொள்ளாமல், அண்மையில் நிறுவிய துணைநிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதே சரியான வழி.