பொறியியற் கல்வியும் மக்கட் பணியும்

கற்ற கல்வி பிறர் துன்பந் துடைத்தற்கு உதவுதல் வேண்டுமென்பது நம் முன்னோர் கொள்கை. பொறியியல் பயிலும் மாணவனுக்கு இது பெரிதும் பொருந்தும். ஆயின், துடைக்கப்படவேண்டிய துன்பம் எதுவென்பதை அவன் தன் மேசையிலிருந்தே தீர்மானித்தல் இயலாது. அதனை அனுபவிப்போரிடம் சென்று கேட்டறிதல் வேண்டும். இவ்வுண்மையை விளக்கத் தமிழ்நாட்டில் நிகழ்ந்த முயற்சியொன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

பாதாளச் சாக்கடை எட்டாத இடங்களில் வீடுதோறும் மலக்குழி உண்டு. அது நிறைந்ததும் கலி பவுசர் வந்து நீரை உறிஞ்சிச் செல்லுங் காட்சி தெஹிவளை வாசிகளுக்குப் புதிதன்று. ஆனால் அடியிற் படிந்து இறுகிய கசட்டைக் குழாய் எளிதில் இழுப்பதில்லை. இந்தியாவிற் பல ஊர்களில் அதனை அள்ளுவதற்கு மனிதனையே குழியில் இறக்கிவந்தனர். குழியினுள்ளே மீதேன், ஐதரசன் சல்பைட்டு முதலிய வாயுக்கள் தேங்கியிருக்கும். ஐதரசன் சல்பைட்டின் செறிவு மிகுந்தால் அது நாற்றத்தை உணரும் ஆற்றலையே மழுங்கச் செய்துவிடும். ஆதலின் இறங்கியவன் ஆபத்தை அறியுமுன்னரே மயங்கி வீழ்கிறான். அவனை மீட்க இறங்குபவனும் உயிர் துறக்கிறான்.

பாதுகாப்பின்றி மனிதரை இவ்வாறு இறக்குவதை 2013ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் விலக்கியது. 1993 முதல் இவ்வாறு இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபா வழங்குமாறு 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம் பணித்தது. 2023இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தமையே மரணங்கள் ஓயவில்லை என்பதற்குச் சான்றாகும். குழியைத் துப்புரவு செய்யப் பிறிதொரு வழி இல்லாதவிடத்துச் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

அவ்வழியைத் தேடும் முயற்சியிற் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் குழுவினர் ஈடுபட்டனர். அவர்தம் மாணவர் திவான்ஷு குமாரின் இறுதியாண்டு முதுநிலைத் திட்டமாகத் தொடங்கிய எந்திரம் 2019இற் பொதுப் பார்வைக்கு வந்தது. அதன் பெயர் ஹோமோசெப். மடக்கிய குடைபோன்று அதன் அலகுகள் குழியின் ஒடுங்கிய வாயினூடே நுழைந்து, உள்ளே விரிந்து சுழன்று, இறுகிய கசட்டைக் கலக்கிக் கூழாக்கும். அக்கூழை உடனிணைந்த பம்பி உறிஞ்சி வெளியேற்றும். உழவு இயந்திரத்திற் பொருத்தப்படுவதால் வேண்டிய இடத்துக்கு அதனைக் கொண்டுசெல்லலாம்.

இதுவரை கூறியது எந்திரத்தின் திறன். இனிக் கூறுவதே பெரிதும் கருதத்தக்கது. பெசவாடா வில்சன் தலைமையிலான சபாய் கர்மசாரி ஆந்தோலன் என்னும் இயக்கத்தின் துணையுடன், குழுவினர் துப்புரவுத் தொழிலாளரை நேரில் அணுகினர். 2022இல் முதலிரு எந்திரங்களும் இத்தொழிலிற் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் தலைமை தாங்கும் சுய உதவிக் குழுக்களுக்கு வழங்கப்பட்டன. இயக்கும் பயிற்சியும் அளிக்கப்பட்டது. எந்திரத்தை வேறொரு முதலாளியிடம் ஒப்படைத்திருந்தால், குழியில் இறங்கியவன் உயிரோடு தொழிலையும் இழக்காது தப்புவது அரிது. தொழிலாளர் குடும்பமே அதனை இயக்கும்போது உயிரும் காக்கப்படுகிறது, ஊதியமும் நிலைக்கிறது.

இப்பணியைச் சில சாதியினர் தலையிற் சுமத்திய கொடுமையை எந்திரம் ஒன்றே ஒழித்துவிடாது. அது சமுதாயம் முழுவதும் தீர்க்கவேண்டிய கடன். எனினும் வேறு வழியில்லை என்னும் சாக்குப்போக்கை எந்திரம் பறித்துவிடுகிறது.

தெஹிவளையிலிருந்து காலி வீதியிலே தெற்கு நோக்கிச் சென்றால், இரத்மலானைக்கு அப்பால், கட்டுபெத்தையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. வடக்கே கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. இவ்விடங்களை நாடும் எம் கல்லூரி இளைஞர் இறுதியாண்டுத் திட்டத்தைத் தெரிவுசெய்யுமுன் மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளியையும், கடற்கரை மீனவரையும், மாரியில் வாய்க்காலோரத்து வெள்ளத்தால் வருந்தும் குடும்பத்தையும் கண்டு பேசுவாராக. பரீட்சைக்காகச் செய்யும் திட்டம் பல உயிர்களைக் காக்கும் பணியாதல் அவ்வுரையாடலிலேயே தொடங்கும்.