உங்களுக்குத் தெரியுமா? கண் கேமராவில், கால் கிணற்றோரத்தில்!

பறவை போட்டோ எடுக்க 400 மி.மீ. லென்ஸ் மாட்டுகிறீர்களா? ஃபுல் ஃபிரேம் கேமராவில் அதன் வழியே உங்களுக்குத் தெரிவது எவ்வளவு தெரியுமா? வெறும் 6 டிகிரி! இரண்டு கண்ணாலும் நாம் சாதாரணமாகப் பார்ப்பது ஏறக்குறைய 200 டிகிரி. கேமராவில் கண் வைத்த நொடியே 194 டிகிரி காணாமல் போய்விடுகிறது! பாம்பு, பள்ளம், மாடு, மின்கம்பி எல்லாம் இருப்பது அந்த 194-க்குள்தான்!

600 மி.மீ. லென்ஸ் என்றால்? 4 டிகிரி!

செல்போன் கேமராவில் 0.5 என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதைத் தொட்டால் எல்லாமே தள்ளிப் போய்விடும். பத்தடியில் முறைத்துக்கொண்டு நிற்கும் காளை, திரையில் இருபதடியில் நிற்பது போலத் தெரியும்! திரையை நம்பி இன்னும் இரண்டு எட்டு முன்னால் வைக்காதீர்கள். வெறும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செல்ஃபியால் நேர்ந்த மரணங்களை டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் உலகம் முழுக்கத் தேடி எண்ணியிருக்கிறார்கள். 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை செய்திகளில் வந்தவை 259! அதில் இந்தியாவில் எத்தனை? 159!

அந்தப் பட்டியலில் முதலிடம் மலையுச்சிக்கு இல்லை. ரயிலுக்கும் இல்லை. தண்ணீருக்கு! 70 பேர் மூழ்கி இறந்திருக்கிறார்கள்.

ஆற்றில் கணுக்கால் அளவுதானே ஓடுகிறது என்று ட்ரைபாடோடு இறங்குகிறீர்களா? இழுப்பு உள்ள தண்ணீர் 15 செ.மீ. இருந்தால் போதும், வளர்ந்த ஆளையே சாய்த்துவிடும்! 30 செ.மீ. ஓடினால் சின்னக் காரை நகர்த்தும். பெரும்பாலான வண்டிகளை அடித்துப்போக 60 செ.மீ.யே தாராளம்!

தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும்! மழை பெய்வது மேலே, மலையில். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவர் ஒருவரை இழுத்துக்கொண்டு போனது. தெளிந்த தண்ணீர் கலங்குகிறதா? சருகும் குச்சியும் மிதந்து வருகின்றனவா? இரைச்சல் கூடுகிறதா? லென்ஸை மூடிக்கொண்டு நிற்க வேண்டாம். முதலில் கரை!

கொங்குப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளைப் பார்த்திருக்கிறீர்களா? கைப்பிடிச் சுவரே இல்லாமல் தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டிருப்பவை ஏராளம். சுற்றிலும் கோரைப் புல் வேறு. 80 அடி ஆழக் கிணற்றில் தவறி விழுந்தால் அடியைத் தொட 2.2 விநாடிதான்! அப்போது உடம்பின் வேகம் மணிக்கு 79 கி.மீ.! மொத்தக் குடும்பமும் ஃபிரேமுக்குள் வரட்டும் என்று கேமராவைக் கண்ணில் வைத்தபடியே பின்னால் நடப்பவர்களே, நீங்கள்தான் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். முதலில் திரும்பிப் பாருங்கள், பிறகு நடங்கள்.

கார்பன் ஃபைபர் ட்ரைபாடில் மின்சாரம் பாயும்! பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறதே என்று நினைத்துவிடாதீர்கள். அலுமினியத்தைப் போலவே அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். தாழ்வாகத் தொங்கும் கம்பிக்குக் கீழே அதை நீட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பது எவ்வளவு பெரிய ஆபத்து!

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ரயில் பாதைக்கு மேலே ஓடும் கம்பியில்? 25,000 வோல்ட்! அதைத் தொடவே வேண்டாம். இரண்டு மீட்டருக்குள் போகவே கூடாது, மிக நெருங்கினாலே மின்சாரம் தாவி வந்து பிடித்துவிடும்! சரக்கு ரயில் பெட்டிமேல் ஏறி நின்று செல்ஃபி எடுப்பவர்களுக்கு நேர்வது இதுதான்.

மணிக்கு 100 கி.மீ.யில் வரும் ரயில் ஒரு விநாடியில் கடக்கும் தூரம் 28 மீட்டர்! டெலி லென்ஸில் பார்த்தாலோ அது நின்ற இடத்திலேயே நிற்பது போல இருக்கும். தண்டவாளத்தில் நின்று படம் எடுத்தால் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். இரண்டுமேகூட விழலாம்!

காட்டுப்பன்றிக்காக வரப்போரம் மெல்லிய கம்பி இழுத்து, அதில் திருட்டுத்தனமாக மின்சாரம் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் சிக்கிச் செத்தவை எத்தனை தெரியுமா? 3 யானைகள்! யானைக்கே அந்தக் கதி. தோட்டக்காரரைக் கேட்காமல் எந்தக் கம்பியையும் தாண்டாதீர்கள்.

இப்போது பாம்புக்கு வருவோம். இதில் கிடைத்த ஒவ்வொரு தகவலும் வியப்பு!

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்கிறது ஓர் ஆய்வு. ஆண்டுக்குச் சராசரியாக 58,000! அதில் பாதி, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில். நாம் பச்சைப் பசேல் வயலைப் படம் எடுக்கக் கிளம்பும் அதே மாதங்கள்!

கண்ணாடி விரியன் சீறினால் குக்கர் விசில் அடிப்பது போல இருக்கும்! சத்தம் கேட்டால் அசையாமல் நின்று, எங்கே என்று பார்த்து, மெல்லப் பின்வாங்குங்கள். சுருட்டை விரியன் வாயால் சீறுவதில்லை. செதிலோடு செதிலை உரசியே சத்தம் எழுப்புகிறது!

கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது! வீக்கமும் பெரிதாக இருக்காது. எறும்பு கடித்திருக்கும் என்று தூங்கப் போய்விடுவார்கள். இரவில் நட்சத்திரம் எடுக்கப் போய்த் தரையில் படுப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. டார்ச், ஷூ, தரைவிரிப்பு மூன்றும் கட்டாயம்.

கடித்த பாம்பைத் தேடிப் போய் போட்டோ எடுத்துவந்து டாக்டரிடம் காட்ட வேண்டுமா? வேண்டவே வேண்டாம்! நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் நம் நாட்டில் ஒரே மருந்துதான்! அரசு மருத்துவமனையில் அது இலவசம்!

அங்கே செய்யும் பரிசோதனை ஒன்றைக் கேளுங்கள். 2 மி.லி. ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு ஆடாமல் அசையாமல் வைத்துவிடுவார்கள். பெரிய கருவி எதுவும் கிடையாது. சுவரில் கடிகாரம் இருந்தால் போதும். 20 நிமிடம் கழித்துக் குழாயைச் சாய்ப்பார்கள். உறைந்திருந்தால் நல்லது. தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியனின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது! அடுத்த நிமிடமே மருந்து. கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் இந்தச் சிகிச்சைக்கு எதிரி!

மருந்துக்கான விஷம் எங்கிருந்து போகிறது தெரியுமா? நம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலிருந்து! வடநெம்மேலியில் 1978 முதல் இயங்குகிறது இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்பைப் பிடித்துவந்து மண்பானையில் வைத்து, மூன்று நான்கு வாரத்துக்குள் நான்கு முறை விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்பைக் கொல்வதே இல்லை! இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ! நாடெங்கும் உயிர் காக்கும் மருந்துக்குப் பின்னால் இந்தக் கைகள் இருக்கின்றன. தமிழ்நாடே தலைநிமிரலாம்!

கோயில் கோபுரம், மலைப்பாறை, தண்ணீர் தொட்டி என எங்கும் தொங்குமே மலைத்தேனீக் கூடு, அதற்கு அருகில் நீங்கள் சாப்பிடக் கூடாத பழம் எது? வாழைப்பழம்! ஒரு தேனீ கொட்டினால் வெளிவரும் அபாய மணத்தில் உள்ள முக்கியப் பொருளும், வாழைப்பழ வாசனைக்குக் காரணமான பொருளும் ஒன்றேதான்!

கொட்டிய பிறகும் தேனீயின் கொடுக்கு தோலில் தங்கி விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும்! நகத்தால் சுரண்டலாமா, விரலால் பிடுங்கலாமா என்று யோசிக்காதீர்கள். எப்படி எடுத்தாலும் சரி, உடனே எடுக்க வேண்டும். கூட்டமாகத் துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, காருக்குள்ளோ அறைக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்துங்கள். குளத்தில் குதிப்பது வீண். மேலேயே சுற்றிக்கொண்டு காத்திருக்கும்!

யானை ஓடுமா? 2003-இல் தாய்லாந்தில் அளந்தே பார்த்துவிட்டார்கள். விநாடிக்கு 6.8 மீட்டர்! அதாவது 100 மீட்டரை 15 விநாடியில் கடந்துவிடும். கல்லும் முள்ளும் நிறைந்த காட்டுப் பாதையில், கையில் இரண்டு கிலோ லென்ஸோடு உங்களால் முடியுமா?

நாயின் மரபணுக்களில் மணம் அறிவதற்கென்று இருப்பவை 800 சொச்சம். நமக்கு 400. ஆப்பிரிக்க யானைக்கு? ஏறக்குறைய 2,000! நீங்கள் யானையைப் பார்ப்பதற்கு வெகு முன்பே அது உங்களை முகர்ந்துவிடுகிறது! முதுமலை, பந்திப்பூர் சாலையில் காரை விட்டு இறங்கவே இறங்காதீர்கள்.

கொடைக்கானல், கோத்தகிரி பக்கம் வீதிக்கே வந்து நிற்கிறதே காட்டுமாடு, பெரிய காளையின் எடை 1,000 கிலோ வரை போகும்! பழகிய மாடு போலச் சாதுவாக நிற்கிறது என்று பக்கத்தில் போய் ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

புல்தரையில் குப்புறப் படுத்து மேக்ரோ எடுக்கும் அன்பர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு செய்தி! ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்பும் சிற்றுண்ணியின் குஞ்சு 0.2 மி.மீ.தான்! கண்ணுக்கே அகப்படாது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புத் தழும்பு விழும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என மறைவான இடமாகப் பார்த்துக் கடிப்பதால் அதுவும் கண்ணில் படாது. காய்ச்சல் வருவதோ பத்து நாள் கழித்து! "டாக்டர், நான் புல்லில் படுத்திருந்தேன்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரைக்கே கேட்டுவிடும்.

தெருநாய் கடித்தால் முதல் மருந்து சோப்பு! ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அதன் பிறகு ஊசிக்கு ஓட வேண்டும்.

மின்னலின் வெப்பம் 30,000 டிகிரி செல்சியஸ் வரை ஏறும்! சூரியனின் மேற்பரப்பே 5,500 டிகிரிதான்!

2022-இல் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். அந்த ஆண்டு இயற்கைச் சீற்றங்களால் நேர்ந்த மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! வெள்ளம், வெயில், குளிர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

2021 ஜூலை 11, ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டை. மழையை ரசித்துக் கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தின்மேல் மின்னல் விழுந்தது. குறைந்தது 11 பேர் இறந்தார்கள்.

நார்வேயில் 2016 ஆகஸ்டில் மின்னலுக்குப் பலியானவை 323 கலைமான்கள்! நேராக மேலே விழ வேண்டியதே இல்லை, தரை வழியாகவும் மின்சாரம் பாயும்! மரத்தடியில் ஒதுங்குவது ஆபத்து என்பது அதனாலும்தான்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். விநாடிக்கு ஒன்றாக மூன்று எண்ணியதும் இடி கேட்டால் மின்னல் ஒரு கிலோமீட்டரில்! முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் ட்ரைபாடைப் போட்டுவிட்டுக் காருக்குள் போய்விடுங்கள். மேலே இரும்புக் கூரை இருக்கும் வண்டி பாதுகாப்பானது. புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, பக்கத்தில் மின்னல் வந்தால் செல்போனிலேயே எச்சரிக்கும். இலவசம்!

விழித்திரைக்கு வலியே தெரியாது! டெலி லென்ஸும் கண்ணாடி வ்யூஃபைண்டரும் வழியாகச் சூரியனைப் பார்த்தால், வெந்து போவதுகூட உங்களுக்குத் தெரியாது! 2031 மே 21 அன்று தென்தமிழகத்துக்கு மேலே கங்கண சூரிய கிரகணம் வருகிறது. அதற்கான சோலார் ஃபில்டரை லென்ஸுக்கு முன்னால் மாட்டாமல் கேமராவைத் தூக்கவே கூடாது.

மலைச் சரிவு 10 டிகிரி ஏறினால் மேல்நோக்கி ஓடும் காட்டுத்தீயின் வேகம் இரண்டு மடங்காகும்! 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறிகளைச் சூழ்ந்த தீ அப்படிப்பட்டதுதான். இப்போது வனத்துறையே அனுமதியோடும் வழிகாட்டியோடும் அழைத்துப் போகிறது. 2024 அக்டோபரில் தொடங்கியபோதே 40 மலைப் பாதைகள்!

கிராமத்தில் குழந்தைகளைப் படம் எடுக்கும் முன் டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள்! நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று நாலு பேரிடம் சொல்லுங்கள். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது மூதாட்டியைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் அடித்தே கொன்றுவிட்டார்கள். நெஞ்சு பதறுகிறது. அந்த ஆண்டு ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. பெற்றோரைக் கேட்டு எடுங்கள். எடுத்த படத்தை அங்கேயே காட்டுங்கள். பாம்பு எங்கே, பாழுங்கிணறு எங்கே, தேன்கூடு எங்கே என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்!

டவரே இல்லாத காட்டிலும் உங்கள் செல்போனின் ஜி.பி.எஸ். வேலை செய்யும்! செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னலை அது நேரடியாக வாங்கிக்கொள்கிறது. வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லையா? வேறு நிறுவனத்தின் டவர் எட்டினாலும் 112 அழைப்பு போகும்! ஆம்புலன்ஸுக்கு 108. கிளம்பும் முன் எந்த ஊர், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது எழுதி அனுப்பிவிட்டு, அப்புறம் கேமராவை எடுங்கள்!