மலையைத் தாழ்த்திக் கணக்கிடும் மாதிரிகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் எந்தச் சரிவில் பருவமழை மிகுதியாகப் பொழியும் என்பதை வட்டாரக் காலநிலை மாதிரிகள் இன்று பெருமளவு சரியாகவே காட்டுகின்றன. எவ்வளவு பொழியும், எந்த நேரத்தில் பொழியும் என்று கேட்கும்போதுதான் அவை தடுமாறுகின்றன. உலகக் காலநிலை மாதிரி என்பது பூமி முழுவதையும் பெரும்பாலும் 100 கிலோமீட்டரோ அதற்கு மேலோ அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து, காற்று, ஈரப்பதம், வெப்பம் ஆகியவற்றின் போக்கைக் கணினியில் கணக்கிடுவது. வட்டார மாதிரியோ ஒரு நிலப்பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் எல்லைகளில் நுழையும் காற்றையும் ஈரத்தையும் உலக மாதிரியிடமிருந்து பெற்று, உள்ளே நடப்பதைச் சிறிய கட்டங்களில் கணக்கிடுகிறது. புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் கழகம் ஒருங்கிணைக்கும் தெற்காசிய 'கார்டெக்ஸ்' திட்டத்தில் இக்கட்டங்களின் அகலம் முதலில் ஏறத்தாழ 50 கிலோமீட்டராக இருந்து, பின்னர் 25 கிலோமீட்டராகக் குறைந்தது.

இந்த அளவு மலைக்குப் போதுமா என்பதைக் கொச்சியை ஒட்டிய களமசேரிக்குக் கிழக்கே உள்ள நிலமே சொல்லிவிடும். அங்கிருந்து 50 கிலோமீட்டர் தொலைவில் மலையடிவாரத்தில் இருக்கும் நேரியமங்கலம், கேரளத்தின் சிரபுஞ்சி என்று பெயர் பெற்ற ஊர். ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறுவது. அதற்கு வடகிழக்கே, மூணாறு மலைகளைத் தாண்டி மறுபுறம் இறங்கினால் வரும் சின்னாறு, ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவே மழை காணும் முட்காடு. இரண்டுக்கும் இடையிலான நேர்க்கோட்டுத் தொலைவு 60 கிலோமீட்டருக்கும் குறைவு. அதாவது 50 கிலோமீட்டர் கட்டத்தில் இந்த இரு வேறு உலகங்களும் ஒரே எண்ணாகவோ, மிஞ்சினால் பக்கத்துப் பக்கத்து இரண்டு எண்களாகவோ சுருங்கிவிடுகின்றன. மலையின் உயரமும் அப்படியே: ஒரு கட்டத்துக்கு ஒரே சராசரி உயரம்தான் உண்டு என்பதால், 2,695 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஆனைமுடி, சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளோடு கலந்து தாழ்ந்த மேடாகிவிடுகிறது. அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து மழையாகும் நிகழ்வுக்கு அந்தச் சரிவின் செங்குத்துத்தன்மையே உயிர்நாடி. மேடு தாழ்ந்தால் காற்று குறைவாக மேலேறும், காற்றுமுகச் சரிவில் மழை குறையும், மழைமறைவுப் பகுதிக்கோ கிடைக்க வேண்டியதைவிட அதிகமாகக் கிடைக்கும்.

கட்டத்தைச் சிறிதாக்கினால் இந்தக் குறை பெருமளவு தீரும். தீராமல் நிற்பது மேகத்தின் சிக்கல். வெப்பமண்டலத்தில் மழையின் பெரும்பகுதியைத் தருவது வெப்பச்சலனம், அதாவது தரையருகே சூடான ஈரக்காற்று செங்குத்தாக எழும்பி மேகமாவது. அத்தகைய ஒரு மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்களே. 25 கிலோமீட்டர் கட்டத்தின் கண்ணுக்கு அது தெரியாது. ஆகவே மேகத்தை நேரடியாகக் கணக்கிடாமல், கட்டத்தின் சராசரி ஈரமும் வெப்பமும் இவ்வளவு இருந்தால் இவ்வளவு மழை பெய்யும் என்று ஒரு தோராய விதியை மாதிரிக்குள் எழுதிவைக்கிறார்கள். இந்த விதிகளில் பல வகைகள் உண்டு. விதியை மாற்றினால் அதே மாதிரி, அதே மலையில், வேறு மழையைத் தருகிறது. அவற்றில் பலவற்றுக்குப் பொதுவான குறைகள் இரண்டு: தூறலை அடிக்கடி பெய்யவிட்டுக் கனமழையைக் குறைத்துவிடுவது, பிற்பகலிலும் மாலையிலும் வரவேண்டிய இடிமழையை நண்பகலிலேயே கொட்டிவிடுவது. துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாலைக்கு முன் வீடு திரும்பப் பார்க்கும் கேரள மக்களுக்குத் தெரிந்த நேரம், பல மாதிரிகளுக்கு இன்னும் தெரியவில்லை.

கட்டத்தை 4 கிலோமீட்டருக்கும் கீழே கொண்டுவந்தால் தோராய விதியை விலக்கிவிட்டு மேகத்தை நேரடியாகவே கணக்கிடலாம். ஆனால் கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கணக்கு வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகும். பல பத்தாண்டுகளுக்கான காலநிலையை அப்படி ஓட்டிப் பார்ப்பது பெரும் செலவு. சில நாட்களுக்கான வானிலை முன்னறிவிப்பில் சிறிய கட்டம் எளிது. 2025 மே மாதம் தொடங்கப்பட்ட 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு' 6 கிலோமீட்டர் கட்டத்தில் இயங்குவதால் காலநிலைக் கணிப்பும் அதே நுட்பத்தை எட்டிவிட்டது என்று எண்ணுவது தவறு.

மாதிரியைக் குறை சொல்லும்போது அதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்ற கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை, நாடெங்கும் உள்ள 6,955 மழைமானி நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு 25 கிலோமீட்டர் கட்டங்களில் 1901 முதலான தினசரி மழைத் தொகுப்பை உருவாக்கியிருக்கிறது. ஆனால் மழைமானிகள் மனிதர் வாழும் இடத்தில்தான் அதிகம் இருக்கின்றன. சோலைக்காடுகளிலும் முகடுகளிலும் மிகக் குறைவு. செயற்கைக்கோளும் முழுத் துணையாகாது: உயரம் குறைந்த, பனித்துகள் அற்ற மேகங்களே இம்மலைகளில் பருவமழையின் கணிசமான பங்கைத் தருகின்றன, செயற்கைக்கோள் கருவிகளோ அத்தகைய மழையைக் குறைத்து மதிப்பிடுகின்றன. மாதிரி சொன்னதும் அளவீடு சொன்னதும் வேறுபடும்போது பிழை மாதிரியுடையதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாத இடங்கள் மலையில் உண்டு.

இந்த இடைவெளியின் ஒரு பகுதியை நிரப்பும் கருவி களமசேரி எல்லையில், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. 2017-இல் அங்கே திறக்கப்பட்ட ரேடார், 619 ஆண்டெனாக்களைக் கொண்டு 205 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மேல்நோக்கி அலைகளை அனுப்பி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உயரம் வரை காற்றின் வேகத்தை அளக்கிறது. மழைமானியால் அளக்கமுடியாத ஒன்றை, காற்று செங்குத்தாக எவ்வளவு வேகத்தில் ஏறி இறங்குகிறது என்பதை, இது நேரடியாகத் தருகிறது; தோராய விதிகள் ஊகித்து எழுதுவது அதைத்தான்.

அதே பல்கலைக்கழகத்தின் எஸ். அபிலாஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, 2019 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது மேற்குக் கடற்கரை மேகங்கள் வழக்கத்தைவிட மிக உயரமாக வளர்ந்திருந்ததையும், இரண்டு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் 'சிறு மேகவெடிப்பு' வகை மழை நிகழ்ந்ததையும் காட்டியது. மேற்குக் கடற்கரை மழையில் வெப்பச்சலனத்தின் பங்கு கூடிவருவதாக 2022-இல் வந்த தொடர் ஆய்வு கூறியது. 2024 மே 28-ஆம் நாள் காலையில் களமசேரியில் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் பதிவானது. அங்கே மலைகூட இல்லை.

அதே ஆண்டு ஜூலை 30-இல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளைப் புதைத்த நிலச்சரிவுக்குப் பின், உலக வானிலைக் காரண ஆய்வுக் குழு, காலநிலை மாற்றம் அன்றைய மழையின் தீவிரத்தை ஏறத்தாழ 10 விழுக்காடு கூட்டியது என மதிப்பிட்டது. சிறிய மலைப்பகுதி என்பதால் மாதிரிகளின் முடிவில் நிச்சயமின்மை மிகுதி என்பதையும் அக்குழு சேர்த்தே சொன்னது. அது எடுத்துக்கொண்ட வட்டாரச் சராசரி ஒரு நாளில் 140 மில்லிமீட்டர். சரிவுக்கு அருகிலிருந்த மழைமானி காட்டியதோ 372 மில்லிமீட்டர். இரண்டும் சரியான எண்களே, ஆயினும் மண் சரிவது இரண்டாவது எண்ணுக்கு.

அணை, சாலை, பாலம் திட்டமிடுவோர் மாதிரியின் மழையை அப்படியே எடுப்பதில்லை. கடந்தகாலப் பதிவோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கழித்துத் திருத்திய பின்பே எடுக்கிறார்கள். பிழைத்திருத்தம் எனப்படும் இம்முறை, நேற்றிருந்த பிழை நாளையும் அதே அளவில் இருக்கும் என்ற நம்பிக்கையில் இயங்குவது. மேகங்களின் உயரமே மாறிவருகிறது என்று களமசேரி ஆய்வு சொல்வது சரியென்றால், குட்டை மேகங்களின் காலத்துப் பதிவைக் கொண்டு செய்த திருத்தம் நெட்டை மேகங்களின் மழைக்குப் பொருந்துமா என்பதை ஒவ்வொரு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் தனித்தனியே சோதித்தாக வேண்டும். அதற்கு முகடுகளில் மணிக்கணக்கில் பதிவுசெய்யும் மழைமானிகள் முதலில் வேண்டும்.